வாசல் வரை வந்த உதவி

 

பசித்த குழந்தைகளுடன் இருந்த தாயைத் தேடி, இரவில் மாவு மூட்டையைத் தம் தோளிலேயே சுமந்து சென்றார்கள் கலீஃபா உமர் (ரலி) அவர்கள். தேவையுடையோரை ஆட்சி தேடிச் செல்வது நமக்குப் புதிய செய்தி அன்று.

நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. இரத்த அழுத்தம், நீரிழிவு மாத்திரைகள் வீடுகளுக்கே சென்றன. 2025 ஜூலை 15 அன்று சிதம்பரத்தில் ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்கள் தொடங்கின. மாநிலமெங்கும் 10,000 முகாம்கள் திட்டமிடப்பட்டன. நகர்ப்புறங்களில் 13 துறைகளின் 43 சேவைகளும், ஊரகங்களில் 15 துறைகளின் 46 சேவைகளும் ஒரே இடத்தில் கிடைக்கும் என அறிவிக்கப்பட்டது. தன்னார்வலர்கள் முன்னரே வீடுவீடாகச் சென்று விவரம் கூறவும் ஏற்பாடாயிற்று.

ஆயினும் முகாம் தெரு வரைதான் வந்தது. இத்தாவில் இருந்த விதவை அந்த ஒரு நாளில் எவ்வாறு வெளியே வந்திருப்பார்? ஆதாரில் ‘பாத்திமா பீவி’, குடும்ப அட்டையில் ‘பாத்திமா பீ’ என்றிருந்தால், ஒருவரே இருவராகிவிடுகிறாரே! கேட்கக் கூசும் முதியவரின் மனு எங்கே சேரும்?

ஃபித்ரா பெறுவோர் பட்டியல் மோகனூர் ஜமாஅத்தாராகிய நம்மிடம் உண்டு. அதையே முதற்படியாகக் கொள்வோம். அவர்களுடைய ஆவணங்களின் பெயர்களை ஒப்பிட்டுத் திருத்தித் தருவோம். முகாமைத் தவறவிட்டிருந்தால், நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திற்கு உடன் செல்வோம். அவர்கள் பெறுவது பிச்சையன்று, உரிமை. சேர்ப்பிப்பது நம் அமானத்.

வல்ல அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.