தண்ணி மாத்தின மறுநாள் மீன் ஏன் சாகுது?

மீன் தொட்டி எபிசோடுகளுக்கு வர்ற கேள்விகள்ல அடிக்கடி வர்றது இதுதான்: "கேன் தண்ணி ஊத்தி தொட்டி ஆரம்பிச்சேன். மூணு மாசமா தண்ணியே மாத்தல, மீன் ஜம்முனு இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை பாதித் தண்ணிய எடுத்துட்டு போர் தண்ணி ஊத்தினேன். மறுநாள் காலைல நாலு மீன் மிதக்குது. போர் தண்ணில விஷமா?"

போர் தண்ணில குளோரின் இருக்காது. அதனால நான் முதல்ல சந்தேகப்படுறது பழைய தண்ணியைத்தான்.

மீன் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியாவா மாறும். ஃபில்டர்ல இருக்கிற பாக்டீரியா அதை நைட்ரைட்டாவும், அப்புறம் நைட்ரேட்டாவும் மாத்தும். இந்த வேலையில அமிலம் உருவாகும். அதைத் தாங்கிப் பிடிக்கிறது தண்ணியில கரைஞ்சிருக்கிற கார்பனேட்டும் பைகார்பனேட்டும். கேஎச்னு நாம அளக்குறது அதைத்தான். 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாத்த சுமார் 7 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகும். ஆர்ஓ பண்ணின கேன் தண்ணில கேஎச் ஏற்கெனவே ரொம்பக் குறைவு. அது தீர்ந்துட்டா பிஎச் 6 பக்கம் இறங்கிடும். அங்க பாக்டீரியா கிட்டத்தட்ட வேலைய நிறுத்திடும், அம்மோனியா சேர ஆரம்பிக்கும்.

அப்புறம் ஏன் மீன் சாகல? பிஎச் 6-ல அம்மோனியா ஏறக்குறைய முழுக்க அம்மோனியமா இருக்கும். அது மீனுக்கு அவ்வளவு ஆபத்தில்லை. 25 டிகிரி தண்ணில, பிஎச் 6-ல விஷ வடிவம் வெறும் 0.06 சதவீதம். பிஎச் 8-ல அது 5 சதவீதத்துக்கு மேல.

கணக்குப் போடுவோம். தொட்டியில மொத்த அம்மோனியா 2 பிபிஎம், பிஎச் 6. விஷ வடிவம் சுமார் 0.001. பாதித் தண்ணி மாத்தினா மொத்தம் 1 பிபிஎம் ஆயிடும். ஆனா பிஎச் 8 பக்கம் ஏறினா விஷ வடிவம் 0.05. அதாவது அம்மோனியா பாதியா குறைஞ்சும் விஷம் நாப்பது, அம்பது மடங்கு ஏறிடுச்சு! நம்ம ஊர் வெயில்ல தண்ணி சூடாக சூடாக இது இன்னும் கூடும். உப்பு அளவு திடீர்னு மாறுற அதிர்ச்சி தனி.

என்ன பண்ணலாம்? ரொம்ப நாள் மாத்தாத தொட்டின்னா, கைவைக்கறதுக்கு முன்னாடி அம்மோனியா, பிஎச், கேஎச் மூணையும் டெஸ்ட் பண்ணுங்க. ஊத்தப்போற தண்ணியையும் டெஸ்ட் பண்ணுங்க. அம்மோனியா இருந்து பிஎச்சும் குறைவா இருந்தா, தீனியக் குறைச்சுட்டு, தினமும் 10 சதவீதம் மட்டும் மாத்துங்க. பிஎச்ச ஏத்த சமையல் சோடா போட்றாதீங்க. அதுவும் இதே வேலையத்தான் செய்யும். அம்மோனியா பூஜ்யத்துக்கு வந்த பிறகு, கேஎச் 4 டிகிரிக்குக் கீழ போகாம பார்த்துக்குங்க. வாராவாரம் கொஞ்சம் போர் தண்ணி கலந்தாலே அது நடக்கும்.

தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குன்னு நம்பாதீங்க. அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது.

உங்க தொட்டியோட டெஸ்ட் அளவுகளை அனுப்புங்க, அடுத்த எபிசோடுல சேர்ந்து பார்ப்போம்.