மருந்து தாங்கவில்லை என்பவர்: ஜாதவ்பூர் கருத்தரங்கத் தலைமை உரை

 லேக் மார்க்கெட்டில் ஃபில்டர் காப்பி குடித்த கையோடு வந்திருக்கிற கொல்கத்தாத் தமிழர்களுக்கும், கோரமண்டல் எக்ஸ்பிரஸின் ஆட்டம் இன்னும் அடங்காத சென்னை நண்பர்களுக்கும் வணக்கம்.

ஜாதவ்பூரில் கூடிவிட்டு இங்கிருந்த காசநோய் மருத்துவமனையைப் பற்றிப் பேசாமல் தொடங்க எனக்கு மனமில்லை. வங்கக் கவிஞர் சுகாந்த பட்டாச்சார்யா 1947 மே மாதம், இருபது வயதில், அங்கேதான் இறந்தார். அவர் காலத்தில் பிறந்தேயிராத காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் இன்று அரசுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அந்த மாத்திரைக்கும், ஓபியாய்டு போதைக்கு மாற்று மருந்து தரும் சிகிச்சை என்ற நம் கருத்தரங்கப் பொருளுக்கும் நெருங்கிய உறவு உண்டு.

அந்த மாற்று மருந்துகளில் ஒன்றான புப்ரினார்ஃபினில் நிலைப்பட்டிருந்த ஒருவர், "டாக்டர், மருந்து தாங்கவில்லை" என்று வருகிறார். கொட்டாவி, மூக்கொழுகல், இரவெல்லாம் கைகால் குடைச்சல். வெளியே ஏதோ இழுத்திருக்கிறார், அல்லது டோஸைக் கூட்டி வாங்கி விற்கப் பார்க்கிறார் என்றுதான் சிகிச்சை மையத்தில் முதலில் நினைப்பார்கள். அவர் டி.பி. மருந்து தொடங்கி இரண்டு வாரம் ஆகிறதா என்று கேட்பவர் குறைவு. ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. அவை ஓபியாய்டை வேகமாகச் சிதைக்கின்றன. இன்னொரு மாற்று மருந்தான மெத்தடோன் விஷயத்தில் ஆய்வாளர் மேரி ஜீன் கிரீக்கின் குழுவினர் 1976லேயே இதை எழுதிவிட்டார்கள். பிற்பாடு புப்ரினார்ஃபினுக்கும் அதே கதை என்று தெரிந்தது. ஆபத்து மறுபக்கமும் இருக்கிறது. ஆறு மாதச் சிகிச்சை முடிந்து ரிஃபாம்பிசின் நின்றதும் நொதிகள் பழைய வேகத்துக்குத் திரும்பும். ரிஃபாம்பிசினுக்காகக் கூட்டிய மெத்தடோன் டோஸைக் குறைக்க மறந்தால் மூச்சே அடங்கிப் போகலாம்.

வேறு மருந்து எதுவும் குறுக்கிடாதபோதுகூட உடலுக்கு உடல் வேறுபாடு பெரிது. மெத்தடோனின் அரை ஆயுள் சிலருக்கு 8 மணி நேரம், சிலருக்கு 59 மணி நேரம். ஒருவருக்குக் காலையில் கொடுத்தது மாலைக்குள் பாதியாகிறது. இன்னொருவருக்கு இரண்டு நாள் கழித்தும் பாதியாகாமல், மேலும் மேலும் சேர்கிறது. மெத்தடோன் தொடங்கிய முதல் இரண்டு வாரங்களில் நேரும் இறப்புகளுக்கு இந்தச் சேர்க்கை ஒரு முக்கியக் காரணம். சி.ஒய்.பி. 2பி6 என்ற நொதியின் மரபணு வேறுபாடு இதில் ஒரு பங்கு வகிக்கிறது. ஓபியாய்டுகள் ஒட்டும் மியூ ஏற்பியின் ஏ118ஜி மாற்றத்தையும் சிலர் முன்வைக்கிறார்கள், ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. மரபணுச் சோதனையை இன்றைக்கே மையத்துக்குக் கொண்டுவரச் சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன்.

டோஸ் போதாமல் போவதற்கு அதைவிட எளிய காரணம் நாக்கின் அடியிலேயே கிடக்கிறது. புப்ரினார்ஃபின் மாத்திரையை நம் மையங்களில் பொடித்து நாக்கடியில் போடுகிறோம். வாய் வறண்டவருக்கு அது சரியாகக் கரையாது. கூலி வேலைக்கு ஓட வேண்டியவர் எச்சிலோடு விழுங்கிவிட்டால் மருந்தின் பெரும்பகுதியைக் கல்லீரல் தின்றுவிடும். ஏட்டில் இருவருக்கும் ஒரே டோஸ்தான்.

கொல்கத்தாவுக்கே உரிய ஒன்றும் உண்டு. 1990களில் இங்கே பிரவுன் சுகர் என்ற ஹெராயினைப் புகைத்தவர்கள் பலர் புப்ரினார்ஃபின் ஊசிக்கு மாறினார்கள். அதை நரம்பில் அறிந்த உடல் நாக்கடி மாத்திரையை வேறு விதமாக எடைபோடும். 'திருப்தி இல்லை' என்று அப்படிப்பட்டவர் சொல்வதை நடிப்பு என்று தள்ள எனக்குத் துணிவில்லை.

2019இல் வெளியான தேசிய ஆய்வு, நாட்டில் சுமார் 77 லட்சம் பேருக்கு ஓபியாய்டுப் பயன்பாடு சிக்கலாகியிருப்பதாகச் சொன்னது. இத்தனை பேருக்கு ஒரே அளவுச் சட்டை தைப்பது நிர்வாகத்துக்கு வசதி, போட்டுக்கொள்பவர்தான் திணறுகிறார்.

கட்டுரை வாசிப்போருக்கு ஒரு வேண்டுகோள். 'சிகிச்சைக்கு இணங்காதவர்' என்று நீங்கள் வகைப்படுத்திய ஒவ்வொருவரும் என்ன டோஸில் இருந்தார், டி.பி., எச்.ஐ.வி. மருந்துகளில் எதை எடுத்தார், மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் குடியிருந்தார் என்பதையும் சொல்லுங்கள். அட்டவணையில் இந்தப் பத்திகள் இல்லாதவர்கள் பிற்பகல் அமர்வுக்குள் சேர்த்துக்கொள்ளலாம், நேரம் தருகிறேன்.