மரப்பலகையும் இறந்தோர் பதிவும்



அரிசோனாப் பாலையிலுள்ள டூம்ஸ்டோன் என்னும் சிற்றூரின் பெயருக்கே கல்லறைக்கல் என்பதுதான் பொருள். 1877இல் வெள்ளி தேடிப் புறப்பட்ட எட் ஷீஃபெலினிடம், 'அங்கே உனக்குக் கிடைப்பது உன் கல்லறைக்கல் மட்டுமே' என்றனராம். அவர் வெள்ளியைக் கண்டார். அந்த ஏளனமே ஊருக்குப் பெயராயிற்று. 1880இல் அங்கே தோன்றிய செய்தித்தாளும் 'எபிடாஃப்', அதாவது கல்லறை வாசகம், என்றே பெயர் பூண்டது. சாவோடு இத்துணை உரிமையாக விளையாடிய ஊர் வேறொன்று உண்டோ என்பது ஐயமே.

அவ்வூரின் பழைய இடுகாடு பூட்ஹில். 1884 அளவில் புதிய இடுகாடு வந்தபின் அது கைவிடப்பட்டது. நட்டவை பெரும்பாலும் மரப்பலகைகள். வெயிலும் காற்றும் எழுத்தை உண்டன. 1920களில் சீரமைப்புத் தொடங்கியபோது முதியோர் நினைவு, உறவினர் சொல், எஞ்சிய பதிவுகள் ஆகியவற்றைக் கொண்டே பெயர்கள் மீண்டும் எழுதப்பட்டன. ஆகவே இன்று பயணியர் படிப்பது மூலச்சுவடி அன்று, பிற்காலப் படி. ஏடு பெயர்த்தெழுதுவோர் செய்யும் பிழையும் இடைச்செருகலும் இங்கும் உண்டு. லெஸ்டர் மோர் என்பாரின் பலகையிலுள்ள வேடிக்கைப் பாட்டு உலகப் புகழ் பெற்றது. அப்படி ஒருவர் வாழ்ந்தாரா என்றே வரலாற்றாய்வாளர் ஐயுறுகின்றனர். நல்ல எதுகை ஒரு மனிதரையே படைத்துவிட வல்லது என்பதைக் கவிஞர்கள் மறுக்கமாட்டார்கள்!

ஜான் ஹீத் செய்தி இன்னும் வியப்பானது. 1883 டிசம்பரில் பிஸ்பீயில் நடந்த கொள்ளைக் கொலைகளில் தொடர்புடையவரென, 1884 பிப்ரவரி 22இல் கும்பல் அவரைத் தூக்கிலிட்டது. அவர் உடல் டெக்சாசுக்கு அனுப்பப்பட்டது. பலகையோ பூட்ஹில்லில் நிற்கிறது. அதே வழக்கில் சட்டப்படி தூக்கிலிடப்பட்ட ஐவர் மார்ச் 28இல் இறந்து இங்கேயே புதைக்கப்பட்டனர்.

பலகை பொய் சொல்வதுண்டு, வழக்காடுவதும் உண்டு. 1881 அக்டோபர் 26இல் ஓ.கே. கொட்டிலருகே நடந்த துப்பாக்கிச் சண்டையில் பில்லி கிளாண்டனும் மக்லாரி உடன்பிறந்தார் இருவரும் மாண்டனர். அவர்கள் டூம்ஸ்டோன் தெருவில் கொலையுண்டவர்கள் என்கிறது கல்லறை. நவம்பர் 30இல் நீதிபதி வெல்ஸ் ஸ்பைசர், சுட்டவர்கள்மேல் வழக்கு நடத்தப் போதிய காரணமில்லை என முடிவுரைத்தார். ஒரே சாவுக்கு இரு ஆவணங்கள். வென்றவர் தீர்ப்பைப் பெற்றனர். தோற்றவர்க்கு ஒரு பலகையே மிஞ்சியது. பலகையைத் தவறென்று அழித்துவிட்டால், அன்று ஊரில் ஒரு சாரார் அடக்கமுடியாமல் வைத்திருந்த சினமும் அதனுடன் அழியும். பதிப்பாசிரியர் பாடவேறுபாட்டை அடிக்குறிப்பில் காப்பது போல இதனையும் காத்தல் வேண்டும்.

பெயரே வாராதோர் நிலை வேறு. சீனருக்கும் யூதருக்கும் அங்குத் தனிப் பகுதிகள் இருந்தன. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் இறந்த சீனர் பலரின் எலும்புகளைத் தோண்டி எடுத்துத் தாயகம் அனுப்புவது வழக்கம். அத்தகைய குழி வெறுமையாயினும் அதுவும் ஒரு பதிவே. யூதர் பகுதி நெடுங்காலம் அடையாளமின்றிக் கிடந்தது. 1984இல் அங்கே எழுந்த நினைவுச்சின்னம், யூத முன்னோடிகளோடு அவர்தம் செவ்விந்திய நண்பர்களையும் சேர்த்தே நினைவுகூர்கிறது.