ஐம்பது நாளும் ஆறடியும்

(தஞ்சைப் பகுதி உயர்நிலைப் பள்ளி மாணவரிடையே நிகழ்த்தப்பெற்ற உரை)



மேட்டூர் அணை சனவரி 28-ஆம் நாள் அடைக்கப்படுவதும் சூன் 12-ஆம் நாள் திறக்கப்படுவதும் வழக்கம். இடைப்பட்ட நாள்களில் காவிரியும் வெண்ணாறும் மணற்காடாய்க் கிடக்கும். தாளடி அறுத்த வயலில் உளுந்தும் பயறும் எடுத்து முடித்த உழவன், குறுவைக்கு நாற்றுவிடும் நாளை எண்ணிக் காத்திருப்பான். பள்ளிக்கு விடுமுறை வருவதும் அதே கோடையில்தான். ஆயினும் உழவன் அறிவாளி. வயலைச் சும்மா போடாமல் கோடையுழவு உழுது வைக்கிறான். பிள்ளைகளின் உள்ளந்தான் உழுவாரற்றுக் கிடக்கிறது.

உழுவதாகச் சொல்லிக்கொள்ளும் தனிப்பயிற்சிக் கூடங்கள் ஊர்தோறும் முளைத்துள்ளன. அடுத்த ஆண்டுப் பாடத்தை ஆங்கிலத்தில் இப்பொழுதே உருப்போடச் செய்வது அவற்றின் வேலை. பெற்றோர் கடன் பட்டேனும் பணங்கட்டுகின்றனர். மதிப்பெண் வரலாம், அறிவு வருமா? தமிழ்நாட்டுப் பிள்ளை பத்தாம் வகுப்பு வரையேனும் தமிழைப் படிக்க வேண்டுமென்பதற்கு 2006-இல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் தமிழ் கற்கச் சட்டம்! உலகில் வேறெந்த நாட்டினர் இதைக் கேட்டாலும் சிரிப்பார்கள்.

பாடநூலுக்கு வெளியே படித்தவன் என்ன ஆவான் என்று வினவும் பெற்றோர், கீழைக் கடற்கரை வரை சென்று வரலாம். நாகையை அடுத்த காடம்பாடியில் 1876-இல் பிறந்தார் ஒருவர். இளமையிலேயே தந்தையை இழந்தார். உயர்நிலைப் பள்ளிப் படிப்பு நடுவிலேயே நின்றது. ஆனால் நாகையில் நூற்கடை வைத்திருந்த நாராயணசாமியார் என்னும் தமிழறிஞர் அவ்விளைஞருக்கு ஆசிரியரானார். கடையே கல்லூரி, விற்பனைக்கு வந்த நூல்களே பாடம். அங்ஙனம் கற்றவர் பட்டம் ஏதுமின்றி 1898-இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்தார். வேதாசலம் என்ற தம் பெயரைப் பின்னர்த் தமிழாக்கி, 1916-இல் தனித்தமிழ் இயக்கத்துக்கு வித்திட்ட மறைமலையடிகளே அவர். அவர் வாழ்நாளெல்லாம் வாங்கிச் சேர்த்த நூல்களே 1958-இல் சென்னையில் அவர் பெயரால் அமைந்த நூல்நிலையத்துக்கு அடித்தளம். படிப்பு நின்ற ஒரு பள்ளிப் பிள்ளைக்கு நூல்கள் செய்த கைம்மாறு அது. அவர் நூல்களுக்குச் செய்த கைம்மாறும் அதுவே.

நூல் கிடைக்கவில்லையே என்று சொல்ல இந்நிலத்தார்க்கு வாயில்லை. நூலகவியலின் தந்தையெனப் போற்றப்படும் அரங்கநாதனார் 1892-இல் பிறந்தது சீர்காழி. அவர் தூண்டுதலால் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், கனகசபையார் என்னும் பெருந்தகை 1931 அக்தோபர் 21-ஆம் நாள் ஒரு நூலகத்தைத் தொடங்கினார். கட்டடம் இல்லை, மாட்டுவண்டிதான் நூலகம். நெல்லும் வைக்கோலும் ஏற்றிப் பழகிய வண்டித்தடங்களில் நூல்கள் ஊர் ஊராய்ப் போயின. படிப்பவன் நூலைத் தேடி நடந்த காலம் போய், நூல் படிப்பவனைத் தேடி வந்தது. அதே ஆண்டுகளில் மன்னார்குடிப் பள்ளியொன்றில் தமிழாசிரியராய் இருந்தவர் மொழிஞாயிறு பாவாணர் என்பதையும் மாணவர் மறத்தல் கூடாது.

விடுதலைக்குப் பின் 1948-இல் சென்னை மாநிலத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் அதுவே முதலாவது. இன்றும் வீட்டுவரியோடு நூலக வரியும் தண்டப்படுகிறது. வரியைக் கட்டிவிட்டு நூலைத் தொடாமலிருப்பது, வாய்க்கால் வெட்டக் கூலி கொடுத்துவிட்டு மடையைத் திறவாமலிருப்பது போன்றது.

சரி, எதைப் படிப்பது? பெரிய பட்டியல் வேண்டா. பட்டியலைப் பார்த்தே பாதிப்பேர் ஓடிவிடுவர். ஒரே பாட்டுப் போதும்: பட்டினப்பாலை. அது காவிரி நாட்டின் பாட்டு. காவிரி கடல் புகும் பூம்பட்டினத்தின் பாட்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் கரிகாலனைப் பாடியது. முற்றத்தில் காயும் நெல்லைத் தின்னவந்த கோழியைத் துரத்த மகளிர் காதுக்குழையைக் கழற்றி எறிகின்றனர். அக்குழை சிறுவர் உருட்டும் முக்காற் சிறுதேரின் வழியை மறிக்கிறது. உப்பைக் கொடுத்து நெல் கொண்டுவந்த படகுகள், கொட்டிலில் கட்டிய குதிரைகள் போல் கழியோரம் கட்டிக் கிடக்கின்றன. சுங்கச் சாவடியில் மூட்டைகளின்மேல் புலிப்பொறி விழுகிறது. களத்துமேட்டில் நெல் காயக் கண்ட பிள்ளைக்கு இவற்றில் எது விளங்காது?

வெள்ளி தெற்கே சாய்ந்து மழை பொய்த்தாலும் காவிரி பொய்க்காது என்று பாட்டின் தொடக்கத்திலேயே புலவர் சொல்கிறார். படித்துவிட்டு ஆற்றைப் போய்ப் பார்க்கும் மாணவன் மணலைக் காண்பான். புலவர் பொய் சொன்னாரா என்று அவன் கேட்க வேண்டும். அக்கேள்வி அவனை 1924-ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்கும், 1934-இல் முடிந்த மேட்டூர் அணைக்கும், 2007-இல் நடுவர் மன்றம் தந்த தீர்ப்புக்கும், கருநாடகம் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. விட வேண்டுமென்று 2018-இல் உச்ச நயன்மன்றம் சொன்னதற்கும் இட்டுச்செல்லும். பட்டினப்பாலையைப் படிக்காதவனுக்கு வறண்ட ஆறு வெறும் மணல். படித்தவனுக்கோ அது இழந்த உரிமை.

சொல் கடினம் என்பர் சிலர். உண்மைதான். அதற்குத்தான் நச்சினார்க்கினியர் உரை இருக்கிறது. 1889-இல், குடந்தைக் கல்லூரியில் ஆசிரியராய் இருந்தபோதே உ. வே. சாமிநாதையர் அதனைப் பத்துப்பாட்டோடு அச்சேற்றினார். மறைமலையடிகளின் ஆராய்ச்சியுரையும் இருக்கிறது. முதல் வாரம் தடுமாறும். அடுத்த வாரம் நாக்குப் பழகும். உரத்துப் படிக்க வேண்டும், பாட்டியும் கேட்கட்டும். அவள் வழங்கும் சொற்கள் சில அப்பாட்டிலேயே எதிர்ப்படும்.

பாட்டு மொத்தம் 301 அடி. விடுமுறை ஏறக்குறைய ஐம்பது நாள். நாளுக்கு ஆறடி படித்தால் 300 அடி முடிந்துவிடும். எஞ்சிய ஓரடியைப் பள்ளி திறக்கும் நாள் காலையில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே படித்துக்கொள்ளலாம்.