பணத்துக்கு முன்னால் வார்த்தை



பணத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். தஞ்சாவூர்க்காரர்கள் உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டாம். சிவகங்கைப் பூங்காவில் ஆலயம் கட்டிய ஸ்வார்ட்ஸ் ஐயரே போதும்.

1779-ல் கம்பெனியின் தூதராக அவர் ஸ்ரீரங்கப்பட்டணம் போய் ஹைதர் அலியைச் சந்தித்தார். வழிச்செலவுக்கென்று ஹைதர் 300 ரூபாய் கொடுத்தார். ஐயர் அதைச் சென்னையில் கம்பெனியாரிடம் ஒப்படைத்தார். அவரையே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவரோ தஞ்சையில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கு அதை முதலாக்கினார்.

அடுத்த இரண்டு வருஷத்துக்குள் ஹைதரின் படை சோழநாட்டைச் சூறையாடியது. கோட்டைக்குள் பஞ்சம். வெளியே நெல் இருந்தது. ஏற்றிவர மாடு இல்லை. முன்பு கூலி கிடைக்காமல் ஏமாந்த குடியானவர்கள் ராஜாவையும் நம்பவில்லை, கம்பெனியையும் நம்பவில்லை. ஐயர் பொறுப்பேற்றார். மாடும் வந்தது, நெல்லும் வந்தது. பேசிய கூலியைத் தம் கையாலேயே கொடுத்தார்.

பாருங்கள், கஜானாவுக்கு இல்லாத மதிப்பு ஒரு மனுஷனுடைய வார்த்தைக்கு இருந்தது! 300 ரூபாய்க்கும் கணக்கு ஒப்புவித்தவர் அல்லவா?

வேதத்தில் இவனைத்தான் உக்கிராணக்காரன் என்கிறோம். சாவி அவன் கையில், களஞ்சியம் எஜமானுடையது. பணம் பாவமில்லைங்க. நாம் எஜமான் என்று நினைப்பதில்தான் ஆபத்து.

சம்பளம் வாங்கப்போகும் தம்பிகளே, வரவு செலவை எழுதி வையுங்கள். தர்மத்துக்கு முதலிலேயே எடுத்து வையுங்கள், மிச்சத்தில் அல்ல. செல்போனில் ஒரு நிமிஷத்தில் கடன் கிடைக்கிறதே என்று கை நீட்டாதீர்கள். வாங்கினால் சொன்ன தேதியில் கட்டுங்கள். நாற்று நட்டவர், கதிர் அறுத்தவர் கூலியை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். உங்கள் வார்த்தையை நம்பி நாலு பேர் மாடு அவிழ்த்துக் கொடுத்தால், அதுதான் ஆஸ்தி.