கொத்தனாரிடம் கற்ற ஃப்ரீமேசன் பாடம்

(பாட்காஸ்ட் உரையின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

நான் கொடைக்கானல் பக்கத்துல அட்டுவம்பட்டியிலேர்ந்து பேசுறேன். இந்த ஊர்ல "சனிக்கிழமை லாட்ஜுக்குப் போறேன்"னு சொன்னா, "ரூம் வாடகை எவ்வளவு?"ன்னுதான் கேப்பாங்க. நான் சொல்ற லாட்ஜ் வேற. ஃப்ரீமேசன்களோட கிளைக்கு லாட்ஜ்னு பேரு. மாசம் ஒரு தடவை மலையிறங்கிப் போய் அதுல கலந்துக்குறேன்.

முதல்ல ரெண்டு வரியில வரலாறு. மேசன்னா கொத்தனார். கொத்தனாரோட கருவிகளை வச்சு ஒழுக்கம் சொல்லித்தர்ற சகோதர அமைப்பு இது. 1717-ல லண்டன்ல முதல் கிராண்ட் லாட்ஜ் உருவாச்சு. 1775-லயே நம்ம திருச்சியில, ஆற்காடு நவாபோட மகன் உம்தத்-உல்-உமரா சேர்ந்துட்டார். இந்தியாவுக்குன்னு தனி கிராண்ட் லாட்ஜ் 1961 நவம்பர் 24-ல வந்துச்சு. சென்னை எழும்பூர்ல ஃப்ரீமேசன்ஸ் ஹால் இருக்கு, நீங்க அந்தப் பக்கம் போகும்போது பார்த்திருப்பீங்க. ரகசியக் கைகுலுக்கல் பத்திக் கேக்காதீங்க, அதை மட்டும் சொல்ல மாட்டேன்.

இன்னிக்கு நான் பேச வந்தது என்னோட ஒரு தப்பைப் பத்தி.

எங்க சடங்குகளைப் புத்தகம் பார்க்காம, மனப்பாடமாச் சொல்லணும். பக்கம் பக்கமா, பழைய இங்கிலீஷ்ல இருக்கும். அதுல நான் கில்லாடி. கார் ஓட்டும்போது, குளிக்கும்போதுன்னு எந்நேரமும் முணுமுணுத்துட்டே இருப்பேன். ஒரு வார்த்தை பிசகாது. லண்டன்ல 1823-லேர்ந்து 'எமுலேஷன் லாட்ஜ் ஆஃப் இம்ப்ரூவ்மென்ட்'னு ஒண்ணு நடக்குது. சடங்கைத் திருத்தமாச் செய்யப் பழகுறதுக்காகவே உள்ள இடம். அங்க யாரும் எடுத்துக்கொடுக்காம, தப்பில்லாமச் செஞ்சு முடிக்கிறவங்களுக்கு வெள்ளித் தீப்பெட்டி தருவாங்க. எனக்கும் அந்தத் தீப்பெட்டி மேல ஒரு கண்ணு இருந்துச்சுன்னு வைங்க.

சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு தம்பி புதுசா சேர்ந்தார். ஐடி வேலை, முப்பது வயசுகூட இருக்காது. சேர்ற அன்னிக்குக் கண்ணைக் கட்டித்தான் உள்ளே கூட்டிட்டு வருவோம். எல்லாம் முடிஞ்சு சாப்பிட உக்காந்தப்போ, "அண்ணே, எதுக்குக் கண்ணைக் கட்டினீங்க?"ன்னு கேட்டார். நான் சிரிச்சுக்கிட்டே "போகப் போகப் புரியும்"னு சொன்னேன். எனக்கு அப்படித்தான் சொன்னாங்க. நானும் அதையே சொல்லிட்டேன்.

மூணு கூட்டத்தோட அவர் நின்னுட்டார். போன் பண்ணிக் கேட்டேன். "நீங்க நல்லா நடிச்சீங்கண்ணே. என்ன கதைன்னுதான் எனக்குப் புரியல" அப்படின்னார். கோபமே இல்லாம சொன்னார். அதான் ரொம்ப உறுத்துச்சு.

அந்த சமயத்துல எங்க வீட்டுக்குப் பின்னாடி தடுப்புச் சுவர் கட்டிட்டிருந்தாங்க. மலைச் சரிவுல வீடு இருந்தா அது இல்லாம முடியாது. ஒருநாள் காலையில டீயோட நின்னு வேடிக்கை பார்த்துட்டிருந்தேன். உதவிக்கு வந்த பையன் ஒரு நீளமான கல்லைப் பார்வைக்கு அழகா, அகலம் வெளியே தெரியிற மாதிரி வச்சான். மேஸ்திரி தடுத்தார். "நீளத்தை உள்ளே விடுடா. வெளியே கொஞ்சம் தெரிஞ்சாப் போதும்." பையன் "ஏன்ணே?"ன்னான். அவர் கரண்டியைக் கீழே வச்சுட்டார். "மழையில மண்ணு ஊறிச் சுவரைத் தள்ளும். அப்ப உள்ளே போன கல்லுதான் பிடிச்சு நிக்கும். முகத்துல மட்டும் ஒட்டி நிக்கிற கல்லு முதல்ல உருளும்." சொல்லிட்டு அடுத்த கல்லை அவனையே வைக்கச் சொன்னார்.

தூக்குக்குண்டு, மூலைமட்டம் பத்தியெல்லாம் வருஷக்கணக்கா லாட்ஜ்ல நான் மனப்பாடமாச் சொல்லிட்டிருக்கேன். ஒருத்தருக்கும் நின்னு "ஏன்"னு சொன்னதில்ல. உண்மையச் சொன்னா, பாதி விஷயத்துக்குக் காரணம் எனக்கே தெரியாது.

அடுத்த கூட்டத்துல மூணு மாத்தம் கேட்டேன். சடங்கு முடிஞ்சதும், சாப்பாட்டுக்கு முன்னாடி 15 நிமிஷம் கேள்வி நேரம், அதுவும் தமிழ்ல. புதுசா வர்ற ஒவ்வொருத்தருக்கும் பொறுப்பா ஒரு மூத்த சகோதரர். பதில் தெரியலன்னா "தெரியல, அடுத்த மாசம் படிச்சுட்டு வரேன்"னு சொல்லணும், மழுப்பக் கூடாது. "இதென்ன டியூஷன் சென்டரா?"ன்னு ஒரு பெரியவர் கேட்டார். நான் உம்தத்-உல்-உமரா கதையைச் சொன்னேன். அவர் சேர்ந்த சேதி கேட்டு லண்டன்லேர்ந்து ஏப்ரன் மட்டும் அனுப்பல, விதிகள் அடங்கின புத்தகத்தையும் சேர்த்துத்தான் அனுப்பினாங்க. உடுத்திக்கிட்டாப் போதாது, படிக்கவும் வேணும்னுதானே?

முதல் கேள்வி நேரத்துல 24 அங்குல அளவுகோலை எடுத்தோம். அது ஒரு நாளோட 24 மணி நேரம்: பிரார்த்தனைக்குக் கொஞ்சம், உழைப்புக்குக் கொஞ்சம், கஷ்டத்துல இருக்குற நண்பனுக்குக் கொஞ்சம். இதை நூறு தடவையாவது ஒப்பிச்சிருப்பேன். அன்னிக்கு ஒருத்தர் கேட்டார்: "நண்பனுக்குன்னு நேத்து எத்தனை மணி நேரம் கொடுத்தீங்க?" யாருக்கும் வாய் வரல. அந்த 15 நிமிஷம் முக்கால் மணி நேரமாச்சு. சாப்பாடு ஆறிப்போச்சு.

இப்ப எனக்கு ஒப்பிக்கிறதுல அங்கங்க தடுக்குது. வயசும் காரணமா இருக்கலாம். அந்தத் தம்பி இன்னும் திரும்பி வரல, வற்புறுத்தவும் இல்ல. ஆனா அவர் கேட்டதுக்குப் பதிலைப் போன் பண்ணிச் சொன்னேன்: இருட்டுல நிக்கும்போது பக்கத்துல இருக்குறவன் கையை நம்பி நடக்கணும், அதுக்குத்தான் கண்ணைக் கட்டுறோம்னு நான் புரிஞ்சு வச்சிருக்கேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேண்ணே" அப்படின்னார்.

ஆமா. சொல்லியிருக்கணும்.

நீங்க ஃப்ரீமேசனா இல்லாம இருக்கலாம். ஆனா வீட்டுலயோ ஆபீஸ்லயோ புதுசா வந்த ஒருத்தர் உங்ககிட்ட "இது எதுக்கு?"ன்னு கேப்பாங்க. கரண்டியைக் கீழே வச்சுட்டுப் பதில் சொல்லுங்க.