தலைமையாசிரியரைத் தனியே விடலாமா?



60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு 2 ஆசிரியர்கள் என்கிறது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். ஐந்து வகுப்புக்கு இருவர். அதில் ஒருவர்தான் தலைமையாசிரியர். பாடமும் நடத்தி, எமிஸ் பதிவும் முடித்து, காலை உணவையும் அவரே கவனிக்க வேண்டும். ஒரு பிள்ளை வாரக்கணக்கில் வராவிட்டால் யார் தேடிப் போவது?

அதே சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கைப் பெற்றோருக்குத் தந்திருக்கிறது. குழுவில் பாதிப் பேர் பெண்கள். கூட்டத்துக்கு அழைத்தால் வேலை இருக்கிறது என்கிறோம். மதிப்பெண் குறைந்தால் மட்டும் வாசலில் நின்று சத்தம் போடுகிறோம்.

வள்ளூர்த் தாய்மார்களே, அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். ஆசிரியர் போதவில்லை என்று தீர்மானம் போட்டு மேலே அனுப்புவோம். வராத பிள்ளைகளின் வீட்டுக்கு நாங்கள் போகிறோம், இன்ஷா அல்லாஹ்.